மூக்கைக் கட்டிய மெஷின்

மெஷினுக்கும் மூக்கைக் கட்டிவிட வேண்டும் என்று நான் நம்பினேன். எழுதி வைத்துப் பார்த்தால் கிறுக்குத்தனமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த வருசம் எங்கள் ஆபீஸில் யாரைக் கேட்டிருந்தாலும், "கட்டாம எப்பிடி அண்ணாச்சி?" என்று என்னையே திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

ஆபீஸ் என்றதும் நாற்காலியும் ஃபேனும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் பட்டாசு செய்கிற இடத்துக்குத்தான் ஆபீஸ் என்று பெயர். ஆமத்தூரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள். ஒன்று போனால் இன்னொன்றாவது மிஞ்சட்டும் என்பதற்காக அந்த இடைவெளி. அலுமினியப் பொடி அங்கே காற்றிலேயே கிடக்கும். மைதா மாவெல்லாம் அதற்கு முன்னால் சரளைக்கல். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற முகங்களைப் பார்த்தால் சாமி வாகனத்துக்கு வெள்ளித் தகடு அடித்த மாதிரி இருக்கும். அதனால் உள்ளே கால் வைத்ததும் ஆணும் பெண்ணும் துண்டை மடித்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வோம். நான் அங்கே ஃபோர்மேன். கட்டாதவர்களைத் திட்டுவதும் என் சம்பளத்தில் சேர்ந்த வேலை.

எனக்கு வந்தது குறட்டை வியாதி. தூக்கத்தில் தொண்டை தானாக அடைத்துக்கொள்ளும், மூச்சு நின்றுபோகும். உடம்பு பதறிப்போய் உலுக்கும், மூச்சு திறக்கும், மறுபடி தூங்குவேன், மறுபடி அடைக்கும். விடிய விடிய இதே கூத்து. எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரிதான் எழுந்திருப்பேன். சாட்சி சொன்னது என் வீட்டுக்காரி.

"செத்துட்டீகன்னு நெனச்சு எந்திரிச்சு உக்காருவேன். கொஞ்ச நேரம் பாப்பேன். ஒடனே லோடு லாரி கெளம்புன மாதிரி ஒரு சத்தம் வரும். சரி, மனுசன் இருக்காகன்னு திரும்பிப் படுத்துக்கிருவேன்."

ராத்திரி தராத தூக்கத்தைப் பகல் கேட்டு வாங்கிக்கொண்டது. கம்பெனி பஸ்ஸில் தூங்கி, விருதுநகரில் என் ஸ்டாப்பில் இறங்காமல் போக, டிரைவர் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு எழுப்பியிருக்கிறார். சோற்றில் ரசத்தை ஊற்றிவிட்டுப் பிசைவதற்குள் தூங்கியிருக்கிறேன். இதையெல்லாம் நானே சொல்லிச் சிரிப்பேன். ஒரு நாள் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றபடி தூங்கி, கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு கீழே விழுந்த சத்தத்தில் விழித்தபோது மட்டும் சிரிப்பு வரவில்லை. மரத்தடியில் நின்ற நேரம் அது. ரூம் வாசலில் நின்றிருந்தால்?

எங்கள் தொழிலில் ஃபோர்மேனின் வேலை என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ரூமுக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு சட்டி மருந்துக்கு மேல் இருக்கக் கூடாது. மருந்து என்பது கலந்து வைத்த வெடிப்பொடி. ஒரு சட்டி தீர்ந்த பிறகுதான் அடுத்த சட்டி உள்ளே போக வேண்டும். வேகமாக வேலை செய்தால்தான் கூலி கூடும் என்பதால் எல்லோருக்கும் அடுத்த சட்டி முன்கூட்டியே பக்கத்தில் இருந்தால் நல்லது என்று தோன்றும். அதைத் தடுக்க ஒரு ஆள் கண்ணைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும். அந்தக் கண்தான் ஃபோர்மேன். மற்றதெல்லாம் அலங்காரம்.

அதனால்தான் மதுரைக்குப் போனேன். தலையெல்லாம் வயர் ஒட்டி ஒரு ராத்திரி படுக்க வைத்தார்கள். மறுநாள் டாக்டர், "நீங்க தூங்கவே இல்லை" என்றார். "தூங்குனேனே சார்" என்றேன். "கண்ணை மூடியிருந்தீங்க, அவ்வளவுதான்" என்றார். பிறகு ஏஜெண்டு ஒருவர் அந்த மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். ரேடியோப் பெட்டி அளவு. பின்பக்கம் காற்றை இழுக்கும், முன்பக்கம் வளையம் வளையமாக மடிந்த ஒரு குழாய் வழியாகத் தள்ளும். குழாயின் முனையில் மூக்கு மூடி, அதை மண்டையைச் சுற்றி வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். தள்ளுகிற காற்று தொண்டையை அடைக்க விடாமல் திறந்தே வைத்திருக்கும். அதுதான் சூட்சுமம்.

முதல் தடவை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். வீட்டுக்காரி பின்னால் நின்று, "புள்ளையாரு மாதிரி இருக்கீக. தொந்தியும் இருக்கு" என்றாள்.

மறுநாள் காலையில் எழுந்தபோது உலகம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனேன். இத்தனை வருசம் போய்வந்த ரோட்டில் ஒரு கல்மண்டபம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன் பிறகு மெஷினுக்கு நான் செய்த பணிவிடையைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் செய்ததில்லை. காலையில் மூக்கு மூடியைக் குழந்தைக்குப் போடுகிற சோப்பால் கழுவுவேன். குழாயைத் தண்ணீர் விட்டு அலசிக் கொடியில் தொங்கவிடுவேன். அது பாம்புச் சட்டை மாதிரி காற்றில் ஆடும். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "புது வாஷிங் மெஷினா? சொல்லவே இல்லையே" என்றார். மெஷினோடு ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டியும் உண்டு, போகிற காற்றை ஈரப்படுத்த. அதற்குச் சாதாரணத் தண்ணீர் ஆகாது, உப்புப் படியும் என்றார் ஏஜெண்டு. எங்கள் ஊர்த் தண்ணீருக்குப் பாத்திரமே வெள்ளையாகப் பூத்துப்போகும். அதனால் பஜாரில் பேட்டரிக் கடையில் விற்கிற தண்ணீர் கேனை வாங்கினேன். கடைக்காரர், "இன்வெர்ட்டருக்கா?" என்றார். "இல்ல, எனக்கு" என்றேன். அதன் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சார்ஜு நிக்குதா அண்ணாச்சி?" என்று விசாரிப்பார்.

மெஷினின் முதுகில், காற்று இழுக்கிற இடத்தில், தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு பஞ்சு உண்டு. தூசி உள்ளே போகாமல் தடுக்க. மாதத்துக்கு ஒரு தரம் கழுவச் சொல்லியிருந்தார்கள். பத்து நாள் கழித்துக் கழற்றிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது. நான் குளித்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஆனாலும் தலைமயிரில், காதுமடலில், கழற்றிப் போட்ட சட்டையில் ஒட்டிக்கொண்டு பொடி வீடுவரைக்கும் வந்திருக்கிறது. வந்ததை மெஷின் இழுத்து என் மூக்குக்குள்ளேயே தள்ளுகிறது. பகலெல்லாம் மூக்கைக் கட்டிக்கொண்டு ராத்திரி குழாய் வைத்து ஏற்றிக்கொள்கிற கதை.

ஏஜெண்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். இரண்டு பஞ்சு கூடுதலாக அனுப்பியிருப்பார். எனக்கோ ஃபோர்மேன் மூளை. பொடி என்றால் துண்டு. மூன்றாக மடித்து மெஷினின் முதுகில் வைத்துச் சணலால் இறுக்கக் கட்டினேன். அதோடு நின்றேனா? ஆபீஸில் ஈரத்துணி ஆகவே ஆகாது. ஈரம் பட்டால் கலந்த மருந்து தானாகச் சூடேறும், அதனால் துண்டு காய்ந்தே இருக்க வேண்டும். வீட்டில் என்ன பயம்? ஈரத்துணிதான் பொடியை நன்றாகப் பிடிக்கும் என்று, படுக்கப் போகும் முன் துண்டை நனைத்துப் பிழிந்து கட்டினேன். இவ்வளவு வருசம் செய்ய ஆசைப்பட்டுச் செய்ய முடியாததைச் செய்த திருப்தி வேறு.

சில வாரங்கள் போயின. மெஷினின் சத்தம் மாறியது. முன்பு நல்ல பாம்பு மாதிரி மெல்லச் சீறும். இப்போது மாடிப்படி ஏறி வந்த ஆள் மாதிரி இரைத்தது. எனக்குப் பகலில் மறுபடி கண் சொருகத் தொடங்கியது. "வியாதி முத்திருச்சு" என்று நான் முடிவுகட்டினேன். மெஷினுக்கு மூச்சு முட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் ஒரு மடிப்புப் போட்டுக் கட்டினேன்.

ஒரு நாள் காலையில் வீட்டுக்காரி, "ஏங்க, ஏதோ தீயுது" என்றாள். நான் பாய்ந்து எழுந்து, பட்டாசுக்காரன் பழக்கத்தில் முதலில் வாசலுக்கு ஓடி, பிறகுதான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். குழாய் என் மூக்கிலேயே இருந்தது. மெஷினும் கூடவே வாசல்வரைக்கும் இழுபட்டு வந்திருந்தது. அதிலிருந்துதான் வாடை. மறுபடி பிளக்கைச் செருகி ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரிந்தது, காற்று வரவில்லை.

அது சீசன். தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

முதலில் பஜாரில் மிக்ஸி பழுதுபார்க்கிறவரிடம் போனேன். கடைக்கு இரண்டு பக்கமும் மிளகாய் வத்தல் குடோன். தும்மிக்கொண்டே கழற்றினார். உள்ளே இருந்த மோட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கார்பன் பிரஷ்ஷைக் காணோமே."

"கார்பன் இல்லாட்டி?"

"கார்பன் தேஞ்சிருந்தா மாத்துவேன். கார்பனே இல்லாததுல நான் என்னத்த மாத்த?" என்று மறுபடி மூடினார். இரண்டு திருகாணி மிச்சம் வந்தது. அதைத் தாளில் மடித்து, "வச்சுக்கோங்க, உதவும்" என்று என் சட்டைப் பையில் போட்டுவிட்டார்.

மதுரையில் ஏஜெண்டு மெஷினைத் திறந்தார். மோட்டாரைச் சுற்றித் துரு. இறக்கையில் நூல் சுற்றியிருந்தது.

"இதுல துணி கட்டுனது யாரு சார்?"

"வீட்டுல எலித் தொல்லை ஜாஸ்தி" என்றேன்.

அவர் முதுகுப்பக்கம் தொங்கிய சணலைத் தூக்கிக் காட்டினார். "எலி முடிச்சும் போட்டிருக்கே சார்."

மோட்டார் கருகிவிட்டது. மாற்று மோட்டார் வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வந்து, அங்கிருந்து மதுரைக்கு வர வேண்டும். அந்த மாடலே இப்போது வருவதில்லை, மோட்டார் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காவிட்டால் புது மெஷின்தான், எதுவானாலும் தீபாவளி ஒட்டித்தான் என்றார். அதுவரைக்கும் வாடகைக்கு ஒன்று இருக்குமா என்று கேட்டேன். இருந்த ஒன்றும் ஆஸ்பத்திரியில் ஒருவர் மூக்கில் இருந்தது. "அவர் எப்ப எந்திரிப்பாரு?" என்றேன். ஏஜெண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் திருகாணி இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீடு திரும்புகிற வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான்: இன்றைக்குப் படுத்தால் செத்துவிடுவேன். மெஷின்தான் எனக்கு மூச்சு விடுகிறது, மெஷின் நின்றால் நானும் நின்றேன். அது வருவதற்கு முன் ஐம்பது வருசம் நான் எதை வைத்து மூச்சு விட்டேன் என்ற கேள்வி மண்டையில் ஏறவே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து என் சாவுக்கு யார் யார் வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். மல்லாங்கிணறு மச்சினன் லேட்டாகத்தான் வருவான், வந்து சாப்பாடு சரியில்லை என்பான். அதை நினைத்து அழுகையோடு கோபமும் வந்தது.

வீட்டுக்காரியிடம், "பீரோ சாவி அரிசிப் பானையில இருக்கு" என்றேன்.

"தெரியும். நான்தானே வச்சேன்" என்றாள்.

அவள் செய்தது வேறு. மல்லாந்து படுத்தால்தான் அதிகமாக அடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழைய பனியனின் முதுகில் ஒரு ரப்பர் பந்தை வைத்துத் தைத்தாள். மல்லாந்தால் பந்து குத்தும், திரும்பிப் படுப்பேன். அதோடு பக்கத்தில் ஒரு கரண்டியும் வைத்துக்கொண்டாள். சத்தம் நின்றால் கரண்டிக் காம்பால் விலாவில் ஒரு குத்து. நான் தூங்காதது போக அவளும் தூங்காமல் போனாள். ஒரு வாரத்தில் வீட்டில் பால் பொங்கி வழிந்தது, சோறு அடிப்பிடித்தது, அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். காலையில் டிபன்பாக்ஸை நீட்டும்போது அவள் கண் இரண்டும் குழிக்குள் கிடந்தது. இதைப் பற்றி ஒரு கேலியும் எனக்கு இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

மேனேஜரிடம் போய் லீவு கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் கெட்ட மனுசர் இல்லை. சீசன் அவரையும் தின்றுகொண்டிருந்தது.

"ஃபோர்மேன் இல்லாம ரூமத் திறக்க முடியாது அண்ணாச்சி. இன்னொரு ஆளு இருந்தாரு, அவரும் போன மாசம் வேற கம்பெனிக்குப் போயிட்டாரு. நீங்களும் போயிட்டா அம்புட்டு ரூமையும் பூட்டணும். வடக்க இருந்து ஆர்டர் குடுத்தவன் தெனம் போன் போடுறான்." கொஞ்சம் குரலை இறக்கி, "இதுகளுக்கும் இந்த ரெண்டு மாசக் கூலிதானே" என்றார்.

வாசலில் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கித் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்கள். பூட்டினால் அவர்களுக்குச் சோறு இல்லை. திறந்து நான் தூங்கினால் அவர்களே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே என் இரண்டு இமை. நான் துண்டைக் கட்டிக்கொண்டு ரூம் பக்கம் நடந்தேன்.

விழித்திருக்க என்னென்ன வழி உண்டோ எல்லாம் செய்தேன். உட்காரவே மாட்டேன். வத்தல் ஒன்றைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்வேன். கண் சொருகும்போது ஒரு கடி. மத்தியானத்துக்குள் நாக்கு வெந்து, சோறு இறங்காது. தொட்டித் தண்ணீரை முகத்தில் அறைவேன். இதையெல்லாம்விட நன்றாக வேலை செய்தது பேச்சு. வாய் ஓடிக்கொண்டிருந்தால் கண் மூடாது. நான் சும்மாவே வாயாடி. அந்த நாட்களில் வாய் மூடவே இல்லை. மேனேஜர் மாதிரி நடந்து காட்டினேன், பஸ் டிரைவர் மாதிரி கொட்டாவி விட்டேன், கல்யாண வீட்டில் மச்சினன் மாதிரி முகம் சுளித்தேன்.

புஸ்வாணக் கூட்டுக்குள் மருந்து செலுத்துகிற ரூமில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிட வாய் நீளம். அவர்தான் ஒரு நாள் ஆரம்பித்து வைத்தார்.

"அண்ணே, ஒங்க வீட்டுல ஏதோ குறட்டை மெஷினு இருக்காமே. அது குறட்டை விடுமா, நீங்க விடுவீகளா?"

"மெஷினு செத்துப்போச்சு தாயி. இப்ப நாந்தான் ரெண்டு பேருக்கும் சேத்து விடுறேன்."

"எப்பிடி விடுவீக, விட்டுக் காட்டுங்களேன்."

விட்டுக் காட்டினேன். வாசல் நிலையில் சாய்ந்து, கண்ணை மூடி, வீட்டுக்காரி சொன்ன லோடு லாரியை அப்படியே கிளப்பினேன். நடுவில் மூச்சு நிற்கிற இடத்தில் நிறுத்தி, உடம்பைத் தூக்கிப் போட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். ரூமே குலுங்கியது. அடுத்த நாளும் கேட்டார்கள். பக்கத்து ரூம்களுக்கும் செய்தி போனது. தண்ணீர் குடிக்க வருகிறவர்கள், "அண்ணாச்சி, லாரி ஒரு ட்ரிப்பு" என்பார்கள். நானும் ஓட்டுவேன். அந்த நேரமாவது விழித்திருப்பேனே என்றுதான்.

அன்றைக்கு வெயில் கூடுதல். ராத்திரி பந்தும் கரண்டியும் சேர்ந்து என்னைப் பிழிந்து எடுத்திருந்தன. செலுத்துகிற ரூம் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தேன். உள்ளே அக்காவையும் சேர்த்து நாலு பேர், நடுவில் ஒரு சட்டி. வத்தலைக் கடித்தேன். காரம் தெரிந்தது. அக்கா ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

சிரிப்புச் சத்தம்.

கண்ணைத் திறந்தேன். இமைத்ததுதான் நான் செய்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். ஆனால் ரூமுக்குள் ஆள் கூடியிருந்தது. நாலு பேர் இருந்த இடத்தில் எட்டு முகம். பக்கத்து ரூம் பெண்கள் மூன்று பேர் உள்ளே நின்று, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். மருந்து கலக்குகிற ஆள், என்னை மாமா என்று கூப்பிடுகிறவன், அடுத்த சட்டியைக் கொண்டுவந்து முதல் சட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு சட்டி. ஒன்று பாதி, ஒன்று நிறைய. ஒரு பெண்ணின் சேலை முந்தானை நிறைசட்டியின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது.

"மாமா, இன்னைக்கு அச்சு அசலா இருந்துச்சு. எச்சிகூட ஒழுகவிட்டீகளே!"

மோவாயைத் தொட்டேன். ஈரம்.

நான் கத்தியிருக்க வேண்டும். ஃபோர்மேன் கத்துவான். ஆனால் கத்தினால் எட்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள், ஓடுவார்கள், யார் காலாவது சட்டியில் படும். என்ன செய்வதென்று தெரியவில்லை. உடம்பு அதுவாக ஒரு கும்பிடு போட்டது.

"ஆட்டம் முடிஞ்சது" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "வந்தவுக மெதுவாக் கலைங்க. ஓடக் கூடாது. ஓடுனா டிக்கெட்டுக் காசு ரெண்டு மடங்கு. தாயி, ஒம் முந்தானை, மெல்ல எடுத்துச் சொருகு. மாப்ள, சட்டியத் தொடாத. அங்கனயே கெடக்கட்டும். கையத் தூக்கிக்கிட்டு வெளிய வா. ஆமா, போலீசப் பாத்த மாதிரி."

இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து அவன் கையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தான். அவர்கள் சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டே நின்றேன். கடைசியாக அக்கா வெளியே வந்ததும், நானே உள்ளே போய் நிறைசட்டியைத் தூக்கிக்கொண்டு, தூரத்தில் மரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்தேன். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்தேன். அங்கே யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பது அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம்.

மேனேஜர் ரூமுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "இப்பத்தான் ஒரு புள்ள வந்து சொல்லிச்சு, பிரமாதமா நடிச்சீகளாமே."

"நடிக்கல சார். தூங்கிட்டேன்."

"சும்மா இருங்க அண்ணாச்சி. லீவுக்கு இப்பிடி ஒரு வழியா?"

"எச்சி ஒழுகியிருக்கு சார்."

"அதையும் சொன்னாக" என்று மறுபடி சிரித்தார். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பதற்கு முப்பது வருசமாக எல்லோரையும் நானே பழக்கி வைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்ல என்னிடம் வேறு முகம் இல்லை. அவருக்குப் போன் வந்தது. எடுத்துக்கொண்டே, எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். வாரக்கணக்கில் நான் ஆபீஸில் எங்கும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன்.

என்னை எழுப்பியது மேனேஜரின் கை. தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. எவ்வளவு உலுக்கினார் என்று தெரியாது. மேஜைமேல் போன் ரிசீவர் மல்லாந்து கிடந்தது, அதற்குள்ளிருந்து யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அதை எடுக்கவில்லை. வெளியே போய், மணியை அடிக்கச் சொன்னார். ரூம்களைப் பூட்டினார்கள். பெண்கள் வெயிலில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றார்கள். அரைநாள் கூலி போன கோபத்தில் யாரும் என்னிடம் லாரி கேட்கவில்லை.

நாலு நாள் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. பிறகு சாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு ஃபோர்மேனைப் பிடித்துவந்தார்கள். இளவட்டம், சிரிக்காத ஆள். என்னை வாசல் கேட்டில் காவலுக்குப் போட்டார்கள். உள்ளே வருகிறவர்களின் மடியையும் பையையும் தடவி, பீடி, தீப்பெட்டி, செல்போன் இருந்தால் வாங்கி வைக்கிற வேலை. பெண்களைச் சோதிக்க ஒரு அம்மா, ஆண்களுக்கு நான். அங்கே உட்கார்ந்து தூங்கினாலும் ஒரு பீடிதான் உள்ளே போகும் என்று நினைத்திருப்பார்கள். ஒரு பீடி போதும் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் நின்றுகொண்டே தடவினேன்.

புது மெஷின் தீபாவளி முடிந்துதான் வந்தது. பழைய மெஷினுக்கான மோட்டார் கடைசிவரை கிடைக்கவில்லை. ஏஜெண்டு பத்துப் பஞ்சுகளை ஒரு கவரில் போட்டுக் கொடுத்து, "இது மட்டும்தான் சார், வேற எதுவும் வேண்டாம்" என்று இரண்டு தரம் சொன்னார். வீட்டுக்காரி கரண்டியை அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டு, அன்றைக்குச் சாயங்காலமே படுத்து, மறுநாள் வெயில் ஏறித்தான் எழுந்தாள். மேனேஜர் மறுபடி ரூம் பக்கம் வரச் சொன்னார். நான் கேட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றேன்.

எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. இமைத்த நேரம்தான் தூங்கினேன், அதற்குள் அந்த மாப்பிள்ளைப் பயல் அவசரப்பட்டு இரண்டாவது சட்டியைக் கொண்டுவந்துவிட்டான் என்று. பொங்கல் கழிந்து ஒரு நாள் கேட்டில் அக்கா பஸ்ஸுக்காக நின்றபோது அதைச் சொன்னேன். அவர் துண்டை உதறிக்கொண்டே, "அது ரெண்டாவது சட்டியா? நீங்க குறட்டை ஆரம்பிச்சப்ப இருந்த சட்டி எப்பவோ தீந்துபோச்சு அண்ணே. அடுத்த சட்டி வந்து, அதுவும் பாதி செலுத்தியாச்சு. நீங்க பாத்தது மூணாவது" என்றார்.